முப்பத்துநான்கு ஓட்டைகள்

கலாநிதி பிரகலாதன் ஐரோப்பாவில் பத்து நாள் பயிலரங்கு ஒன்றுக்குப் போய்வந்தார். அதன் பிறகு கேள்விகள் அச்சிட்டுப் பதில் வாங்கும் வினாக்கொத்து என்ற சொல்லைக் கேட்டாலே மூக்கைச் சுளித்தார்.

"மதிவதனா, அட்டவணையெல்லாம் செத்த சாமான். ஆய்வு சமகாலக் கலையாக மூச்சுவிட வேணும்."

மதிவதனாவின் ஆய்வில் செத்த சாமான் பதினாறு இருந்தது. மீன்பிடித் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் எட்டாம் தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிறவர் அவர். வகுப்புப் பிள்ளைகள் ஏன் அடிக்கடி வருவதில்லை என்று கல்வி முதுமாணிப் பட்டத்துக்காக நாலு வருடமாக ஆராய்கிறார். மாத முடிவோடு பதிவு காலாவதி. வெளிப் பரீட்சகர் இந்தமுறை 'சித்தி', அதாவது தேர்ச்சி, என்று எழுதாவிட்டால் நாலு வருடமும் வீண். மேற்பார்வையாளர் பிரகலாதன் மூச்சுவிடச் சொன்னால் விடத்தானே வேண்டும்?

பிரகலாதன் சல்லிக் கிராமத்தில் நல்ல மீன்வலை ஒன்றை வாங்கி, பள்ளி மண்டபத்தில் தொங்கவிட்டு, கத்தரிக்கோலால் முப்பத்துநான்கு ஓட்டை போட்டார். பிள்ளைக்கு ஒன்று. வராத நாள் கூடினால் ஓட்டையும் பெரிது. நீல விளக்கும் பூட்டி, 'இன்மையின் உடல்' என்று பெயரும் வைத்தார். எந்த ஓட்டை எந்தப் பிள்ளையுடையது என்ற பட்டியல் மதிவதனாவின் கைப்பைக்குள் இருந்தது. அதை ஒட்டக்கூடாதாம், கலை தன்னைத்தானே விளங்கப்படுத்துமாம். பெற்றோருக்கும் பிரகலாதனே கடிதம் எழுதினார்: 'வலை நிகழ்வில் தங்கள் பங்கேற்பு இன்றியமையாதது.'

பள்ளிக்கூடம் பெற்றோரைக் கூப்பிட்டால் அது சிரமதானம். புல் வெட்டலாம், மதிலுக்கு வெள்ளை அடிக்கலாம், தண்ணீர் ஓடும் கான் துப்புரவாக்கலாம். கலை பார்க்கக் கூப்பிட்டதாகச் சரித்திரமே இல்லை. ஆகவே கிழிந்த வலை பொத்தத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, பத்து மணி நிகழ்வுக்கு எட்டு மணிக்கே ஊசியும் நைலோன் நூலுமாக வந்து இறங்கிவிட்டார்கள்.

பரீட்சகருக்குத் தேநீரோடு கொடுக்கும் பற்றிஸை அதிபரின் அறையில் அடுக்கிவிட்டு மதிவதனா திரும்பியபோது, வலை நிலத்தில் விரிந்து கிடந்தது. சுற்றிவரச் சனம். பாதி ஓட்டை பொத்தியாயிற்று.

"டீச்சர், இது மீன் கிழிச்சதில்லை," என்றார் ஒரு பிள்ளையின் தகப்பன் கதிராமன், ஊசியை நிறுத்தாமல். "ஆரோ கத்தரிக்கோலால வெட்டியிருக்கிறான். பொலிசில சொன்னீங்களோ?"

மதிவதனாவுக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை வராத நாள்களின் கணக்கு என்ற உண்மையைச் சொன்னார்.

"அப்ப என்ர பெடியன்ர ஓட்டை எது?"

பட்டியலைப் பார்த்தார். "உங்கட முழங்காலுக்குக் கீழ கிடக்கு. முப்பத்தெட்டு நாள்."

"என்ன கதை இது? தினமும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுறவன் டீச்சர்!"

"சப்பாத்து வந்திருக்கும் அண்ணை, பெடியன் வந்திருக்க மாட்டான்," என்று பக்கத்தில் இருந்த சீதேவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ர மகன்ரயையும் ஒருக்காப் பாருங்கோ."

"நாப்பத்தொண்டு."

சீதேவியின் சிரிப்பு நின்றது.

"நீங்கள் தானே பிள்ளையளை வலை இழுக்க மறிச்சு வைக்கிறனீங்கள்?" என்றார் மதிவதனா. "வினாக்கொத்தில முக்கால்வாசிப் பேர் அப்பிடித்தானே நிரப்பினீங்கள்?"

"என்ன கொத்து?"

"பிள்ளையளிட்டக் குடுத்துவிட்டனே, நாலு பக்கம்..."

ஒருவரும் அப்படி ஒரு கடுதாசியைக் காணவில்லை. முப்பத்துநான்கு வினாக்கொத்தையும் நிரப்பி, பெற்றோர் கையொப்பமும் வைத்து, எட்டாம் தரம் தானே ஒரு ஆய்வை முடித்திருந்தது. நூற்றுக்கு எண்பத்திரண்டு வீதம் 'குடும்பத் தொழில்' என்ற நாலாம் அத்தியாயம் முழுக்க அவர்களுடைய கைவண்ணம். பள்ளிக்கு வராத பெடியள் நிலாவெளிக் கடற்கரையில் கிரிக்கெட் விளையாடுகிற செய்தி அதற்குப் பிறகுதான் யாரோ ஒரு தாயின் வாயிலிருந்து வந்தது.

பத்து மணிக்குப் பிரகலாதன், பரீட்சகர் பேராசிரியர் கோணேஸ்வரியோடு நுழைந்தார். ஓட்டை ஒன்றுகூட மிச்சமில்லை.

"என்ர படைப்பைக் கொலை செய்துபோட்டீங்களே!"

"கொலையோ? நல்லாப் பொத்தியிருக்கு சேர், இழுத்துப் பாருங்கோ," என்றார் கதிராமன்.

பரீட்சகரின் முகத்தில் ஆர்வம் தெரிந்ததும் பிரகலாதனின் குரல் இறங்கியது. "அதாவது மேடம், பார்வையாளர் இப்பிடித் தலையிடுவினம் எண்டு நான் ஆரம்பத்திலேயே..."

"கொஞ்சம் இருங்கோ. மதிவதனா, உங்கட முடிவு என்ன?"

மேசையில் இருநூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வேடு, தங்க எழுத்தோடு. வாயை மூடிக்கொண்டால் ஒருவேளை சித்தி. எதிரே சீதேவி ஊசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலாம் அத்தியாயம் பிழை, மேடம். நான் கேட்டது பெற்றோரிட்டை, பதில் சொன்னது பிள்ளையள். இண்டைக்குத்தான் பெற்றோரோட கதைச்சனான்."

பிரகலாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

கோணேஸ்வரி அதிபரின் அறையிலிருந்து கையோடு கொண்டுவந்த பற்றிஸைக் கடித்து, ஆற அமர மென்றார். "இருபது வருசமா ஆய்வு பாக்கிறன். தன்ர அத்தியாயம் பிழை எண்டு ஒருத்தர் சொல்லி இண்டைக்குத்தான் கேக்கிறன். திருத்தங்களோட சித்தி. மூண்டு மாதம் தாறன், அதை முழுக்கத் திருப்பி எழுதுங்கோ. ஆனால் இந்தமுறை நீங்களே போய்க் கேக்க வேணும்."

மதிவதனா அங்கேயே தரையில் உட்கார்ந்து கொப்பியைத் திறந்தார். "சீதேவியக்கா, உங்களிட்ட இருந்தே தொடங்குவம். மகன் பள்ளிக்கு வராததுக்கு என்ன காரணம் எண்டு நினைக்கிறீங்கள்?"

சீதேவி எழுந்து சேலையை உதறினார்.

"கொஞ்சம் பொறுங்கோ டீச்சர். நான் நிலாவெளிப் பக்கம் ஒருக்காப் போய் அவனை விசாரிச்சிட்டு வாறன்."