ஓரத்தை நனைத்துப் பார்த்த கதை

1

இந்தக் கதை ஒரு கப் தயிரில் பிறந்தது. மூடியில் 'நல்ல கிருமிகள்' என்று போட்டிருந்ததை நம்பி மாமா வாங்கிவந்தார். அக்கா இரண்டு கரண்டி சாப்பிட்டாள். உதடு வீங்கி, மூச்சு இழுத்து, நேரே ஆஸ்பத்திரி. மாமா அவள் புருஷன். சாயம் போகாது என்று எவன் சத்தியம் பண்ணினாலும் ஓரத்தை நனைத்துப் பார்க்காமல் எங்கள் கடைக்குத் துணி எடுக்கமாட்டார். மூடியை மட்டும் நம்பிவிட்டார்.

2

"குடல் ஒரு நந்தவனம், அங்கே..." (வேண்டாம். குடலில் யாரும் பூப்பறித்ததில்லை.)

கடைத்தெரு என்றால் எனக்குக் கை வரும். கிருமிகள் வியாபாரிகள். உடம்பைக் காக்கிற மாஸ்ட் செல் என்கிற அணு காவலாளி. திருடன் வந்தால் விசில் ஊதவேண்டியவன். அக்காவின் காவலாளிகள் யாராவது தும்மினாலே ஊதுகிறார்கள். ஊதினால் உதட்டை வீங்கவைக்கிற, மூச்சை இழுக்கவைக்கிற ஹிஸ்டமின் கொட்டும், தெரு ரணகளமாகும், சாதுவான வியாபாரிகள் கடையைக் கட்டுவார்கள். மிஞ்சியவர்களில் சிலர் ஹிஸ்டமினையே தயாரிக்கிறவர்கள். காவலாளி மறுபடி ஊதுவான்.

(யார் முதலில் ஆரம்பித்தது என்று அக்காவுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாவைக் கேட்டேன். "உங்க கடைத்தெருச் சண்டைல அது தெரியுமா?" என்றார்.)

3

அந்தத் தயிரில் இருந்ததும் ஹிஸ்டமின் தயாரிக்கிற ரகமாக இருக்கலாமாம். "நல்ல கிருமிதான். உங்க அக்காவுக்கு இல்ல" என்றார் டாக்டரம்மா. வேறு ரகத்தைப் பொடி அடைத்த மாத்திரையாகக் கொடுத்திருக்கிறார். சோறும் வெந்த பூசணியும் தவிர எதுவும் ஒத்துக்கொள்ளாமல் அக்கா துரும்பாகிவிட்டாள். இது கேட்டால் தட்டில் இன்னும் நாலு சேரலாம். கேட்காவிட்டால்

(இப்படியே இருக்கட்டும்.)

4

முடிவு அ: விழுங்கினாள், தேறினாள்.

முடிவு ஆ: விழுங்கினாள், ஆம்புலன்ஸ்.

முதுகுக்குப் பின்னால் நின்று அக்கா படித்துவிட்டாள்.

"ஏன்டா, கடையில ரெண்டே சரக்குதானா?"

"வேற என்னக்கா இருக்கு?"

"முழுசா ஏன் விழுங்கணும்? பிரிச்சு ஒரு சிட்டிகை, டாக்டரம்மா கண்ணு முன்னாடி. ஓரத்தை நனைச்சுப் பார்க்காம எந்தத் துணியை எடுத்தோம்?"

"உடம்புகிட்டயே பேரமா?" என்றார் மாமா.

"நீங்க பேசாதீங்க. மூடி படிச்ச ஆளு."

5

டாக்டரம்மா சம்மதித்தார். மூச்சு இழுத்தால் உடனே போட மேசைமேல் ஊசி தயார். மாமா உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன். அக்கா நாக்கை நீட்டினாள். பொடி கரைந்தது.

"என்ன பண்ணுதுக்கா?"

"சும்மா இருடா. எதிராளி இன்னும் விலை சொல்லல."

பேரத்தில் இந்த இடத்தில் குறுக்கே பேசினால் எல்லாம் கெட்டது. நான் பேனாவை மூடிவைத்தேன். நீங்களும் கொஞ்சம் பொறுங்கள். அவள் உதட்டையே பாருங்கள்.