நாளுக்கொரு நாடு

கதவு இடிபட்டது. அழைப்பு மணி இருக்கும்போது யார் இப்படி இடிப்பது என்ற எரிச்சலோடு ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஏசி அறையிலிருந்து வெளியே வந்தான் கிருபாகரன். கூடத்தில் கால் வைத்ததும் குப்பென்று மூக்கில் ஏறியது கேஸ் நாற்றம்.

கதவைத் திறந்தான். எதிர்வீட்டுத் தாட்சாயிணி அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டு நேரே சமையலறைக்கு ஓடினாள். பின்னாலேயே போனவன் உறைந்து நின்றான்.

அவன் மனைவி அகல்யா அடுப்பருகிலேயே நின்றிருந்தாள். ஏதோ சூப் பொங்கி வழிந்து ஒரு பர்னர் அணைந்து, கேஸ் சீறிக்கொண்டிருந்தது. அவளோ செல்போனில் சமையல் குறிப்பைப் படித்தபடியே, பக்கத்து பர்னரைப் பற்றவைக்க லைட்டரை நீட்டிக்கொண்டிருந்தாள்.

தாட்சாயிணி லைட்டரைப் பிடுங்கினாள். சிலிண்டரை மூடினாள். ஜன்னல்களை அகலத் திறந்துவிட்டாள்.

"இன்னாம்மா நீ, எங்க ஊடு வரிக்கும் நாறுது. நீ பக்கத்துலயே நின்னுகினு கீற. மூக்கக் கழட்டி பரண்ல வச்சிட்டியா?"

"குறிப்பு படிச்சிட்டிருந்தேன்க்கா. கவனிக்கல."

"படிச்சிகினே போய்ச் சேந்திருப்ப. இந்த கள்ளிக்குப்பம் ஏரியாவே மாலையோட வந்திருக்கும்." கிருபாகரன் பக்கம் திரும்பினாள். "நைனா, அந்த கம்ப்யூட்டர மூடிட்டு இவளக் கொஞ்சம் பாரு."

தாட்சாயிணி போன பிறகு அவன் அகல்யாவையே பார்த்தான். இத்தனை நாற்றத்தையா கவனிக்கவில்லை?

கோடையில் வந்த காய்ச்சலுக்குப் பிறகுதான் அகல்யா நூலகத்தின் இணையப் பக்கத்தில் உறுப்பினரானாள். உலகத்துச் சமையல் புத்தகங்கள் அத்தனையும் அதில் கிடைத்தன. அன்றோடு வீட்டில் சாம்பார் போயிற்று, ரசம் போயிற்று. எத்தியோப்பியா, ஜார்ஜியா, மொராக்கோ என்று நாளுக்கொரு நாடு. உப்பைக்கூட அளவுக் கரண்டியில் மட்டம் தட்டித்தான் போடுவாள். 'வாம்மா சயின்டிஸ்ட்' என்று இவன் கிண்டல் செய்வான். அம்பத்தூர் எஸ்டேட் அலுவலகத்துக்குப் போகும் நாட்களில் அங்கே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டிப் பீற்றிக்கொள்வான்.

"அகல்யா, கண்ணை மூடு."

"எதுக்குங்க?"

"மூடேன்."

பெருங்காய டப்பாவைத் திறந்து அவள் மூக்கருகே பிடித்தான். அவனுக்கே நெடி தாங்கவில்லை. அவள் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

"காபிப் பொடி... தானே?" என்றாள் தயங்கி.

அவன் டப்பாவைக் கீழே வைத்தான்.

"எப்போலேர்ந்து?"

"காய்ச்சல்லேர்ந்து. வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. தானா வந்துரும்னு பார்த்தேன்."

"டாக்டர்கிட்டப் போயிருக்கலாம்ல? எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, என் கையால சமைச்சதை நம்பிச் சாப்பிடுவீங்களா?"

அவன் துணியை எடுத்து அடுப்பில் வழிந்திருந்த சூப்பைத் துடைத்தான். துடைத்தபடியே கேட்டான். "நாக்கே செத்துப் போயிருக்கறப்ப எதுக்கு இந்த ஊர் உலகத்துச் சமையல் எல்லாம்? நம்ம சாம்பாரையே வச்சிருந்தா ஆகாதா?"

அகல்யா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சாம்பார்ல உப்பு கூடினா முதல் வாயிலேயே கண்டுபிடிச்சிருப்பீங்க. பெரு நாட்டுக் குழம்பு எப்படி இருக்கணும்னு உங்களுக்கும் தெரியாதே."