ஏழாம் எண் கட்டிலின் நான்கு மூலைகள்

சுமை தூக்குகிறவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. இரும்புப் பெட்டியை நாலு பேர் ஆளுக்கொரு மூலையில் பிடித்திருக்கும்போது, கை சோர்ந்தவன் "விடுறேன்" என்று கத்திவிட்டுத்தான் விட வேண்டும். கத்தாமல் விட்டால் அடுத்தவன் கால் போச்சு. நாற்பது வருஷம் அந்தச் சட்டத்தைக் காத்த மேஸ்திரி, எழுபத்திரண்டு வயதில் அதை மீறிவிட்டார்.

தர்ம ஆஸ்பத்திரியில் ஏழாம் எண் கட்டில், மேஸ்திரியும் அவரோடு மூட்டை சுமந்த மூவருமாக நாலு பேருடையது. கூடச் சுமந்த இன்னொருவன் முதுகெலும்பு முறிந்து, காசில்லாமல் அதில் கிடந்துதான் பிழைத்தான். அன்று முதல் அந்தக் கட்டிலில் படுக்கிற ஏழையின் செலவுக்கு நாலு பேரும் மாதாமாதம் தனித்தனியே போய்க் கட்டிவந்தார்கள்.

நாலில் இரண்டு பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இறந்தவர்களில் ஒருவருடைய மகனிடம் அப்பாவின் பங்கைக் கட்டச் சொல்லிக் கேட்டுப் பார்த்தார் மேஸ்திரி.

"மாமா, நான் தெருநாய்ங்களுக்கு போன்லயே பணம் அனுப்பிடுறேன். கட்டில் எல்லாம் உங்க காலத்துச் சமாச்சாரம்."

கெட்ட பையன் இல்லை. அவனுக்கு இரக்கம் வேறு பக்கம் சுரக்கிறது, அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது மேஸ்திரியும், மூட்டை சுமந்து முதுகு வளைந்துபோனதில் 'ஒட்டகம்' என்று பட்டப்பெயர் வாங்கிய கூட்டாளியும். ஆளுக்குப் பாதி என்று இழுத்துக்கொண்டு ஓடினார்கள். பிறகு ஒட்டகம் ஊரின் மறுகோடியில் இருந்த மகள் வீட்டுக்குக் குடிபோனார். மேஸ்திரியின் மனைவிக்கு இதய மாத்திரை ஆரம்பித்தது. கையிலிருந்த ஓய்வுப் பணம் மருந்துக் கடைக்கே வழி தெரிந்ததுபோல் போனது. மேஸ்திரி சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார்.

"நாலு மாசமாச்சு. ஒட்டகம் அண்ணன்கிட்ட சொன்னீங்களா இல்லையா?" என்றாள் மனைவி.

"எப்படிடி சொல்றது? மேஸ்திரியே கையை விட்டுட்டான்னு சிரிப்பான்."

"சிரிச்சா சிரிக்கட்டுமே. பாவம், அந்த மனுசன் ஒத்தையில முழுசையும் தூக்குறாரு."

அந்தப் பேச்சு முள்ளாய்க் குத்தியது. மறுநாளே பஸ் ஏறினார்.

ஒட்டகம் மகள் வீட்டுப் பின்னறையில், துணி காயும் கொடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மேஸ்திரியைக் கண்டதும் எழுந்த வேகத்தில் துண்டு கீழே விழுந்தது.

"வாய்யா மேஸ்திரி! நானே வரணும்னு இருந்தேன்... நம்ம கட்டில் எப்படி இருக்கு?"

"என்னைக் கேக்குற? நீதானே கட்டுற?"

"நானா?" ஒட்டகத்தின் முகம் செத்துப்போனது. "மக கையை எதிர்பார்த்துச் சாப்பிடுறவன்யா நான். அஞ்சு மாசமாச்சு நிறுத்தி. நீ இருக்கேங்குற தைரியத்துல..."

"அடப்பாவி! ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமேடா."

"நீ கத்தினியா?"

மேஸ்திரி கீழே கிடந்த துண்டை எடுத்து ஒட்டகத்தின் தோளில் போட்டார்.

இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஆறாம் எண் கட்டிலுக்கும் எட்டாம் எண் கட்டிலுக்கும் நடுவே வெறும் தரை. கட்டில் கால்கள் பதிந்த நாலு துரு வட்டங்கள் மட்டும் இருந்தன.

"போன மாசமே பணம் கட்டுற வார்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க பெரியவரே" என்றாள் நர்ஸ். "கேட்டு எழுதலாம்னா எங்ககிட்ட இருந்தது நீங்க மூட்டை சுமந்த பழைய கிட்டங்கி விலாசம். இப்போ அந்தக் கிட்டங்கியே இல்லையாமே."

"அதுல படுத்திருந்த ஆளு?"

"பெயிண்டர் ஒருத்தர். வீட்டுக்கு அனுப்பிட்டோம்."

"குணமாயிடுச்சாம்மா?"

அவள் மருந்துத் தட்டைச் சரிசெய்தபடி சொன்னாள்: "கால்ல புண்ணு. இன்னும் ரெண்டு மாசம் இங்க இருந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்."

இரண்டு கிழவர்களும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். நாலு காலிலும் ஒரு கீறல்கூட இல்லை.