வாசலில் சிக்கிய அலமாரி

பெரிய டீச்சர் தலைமையாசிரியையாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சண்டை என்றாலே அவருக்குப் பயம். அந்தத் தொடக்கப் பள்ளிக்கு வந்ததோ ஒரே ஒரு இரும்பு அலமாரி. கணக்கு டீச்சரும் பாட்டு டீச்சரும் அது என் வகுப்புக்குத்தான் என்று நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒன்பது நாளாயிற்று. பெரிய டீச்சர் இருவரிடமும் தனித்தனியாகத் தலையாட்டி வைத்திருந்தார். வினையே அதுதான்.

சாப்பாட்டு இடைவேளையில் அலமாரியும் பெரிய டீச்சரும் இருந்த ஆசிரியர் அறைக்கு இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். கணக்கு டீச்சர் வெளியே இழுத்தார். பாட்டு டீச்சர் உள்ளேயிருந்து விடமாட்டேன் என்று பிடித்தார். அலமாரி கோணிக்கொண்டு வாசலை அடைத்து நின்றது. தலைகீழாக நின்று பார்த்தும் அசையவில்லை. உள்ளே பாட்டு டீச்சரும் பெரிய டீச்சரும். வெளியே கணக்கு டீச்சரும் நூற்றிருபது பிள்ளைகளும்.

கணக்கு டீச்சர் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்து பெரிய டீச்சரிடம், அலமாரி எனக்கென்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார். எனக்கும் அப்படித்தான் சொன்னார் என்றார் பாட்டு டீச்சர். ஒன்பது நாளில் முதல்முறையாக இருவரும் ஒத்துப்போய் பெரிய டீச்சரை முறைத்தார்கள்.

மழுப்ப வழியில்லை. ஓடவும் வாசல் இல்லை.

"தப்பு என்னோடதுதான். சண்டைக்குப் பயந்து ரெண்டு பேருக்கும் சரின்னுட்டேன். இனிமே மூணு பேரும் உக்காந்து பேசித்தான் முடிவு."

"அது இருக்கட்டும். மணி அடிக்கப் போகுது. இத்தனை பேரை நான் ஒருத்தி எப்படிக் கட்டி மேய்க்கிறது?" என்றார் கணக்கு டீச்சர்.

பாட்டு டீச்சர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரையும் இங்க உக்கார வைங்க. நான் பாடறேன், நீங்க கையத் தட்டுங்க."

கணக்கு டீச்சருக்கு எண்ணிக்கை பிசகாது; தாளம் மட்டும் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பாட்டு டீச்சருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குள் பள்ளியைப் பெருக்கும் அக்கா வந்து பார்த்து, கைப்பிடிதான் இடிக்கிறது என்று சொல்லி அதைக் கழற்றிவிட்டார். அலமாரி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வெளியே போயிற்று.

சாயங்காலம் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரண்டு தடவை குரல் உயர்ந்தது. பெரிய டீச்சரின் கண் வாசல் பக்கம் போகத்தான் செய்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை. கடைசியில் இரண்டு வகுப்புக்கும் நடுவே நடைபாதையில் வைப்பது, ஆளுக்கு இரண்டு தட்டு என்று முடிவாயிற்று.

"மேல் தட்டு ரெண்டும் யாருக்கு?" என்று ஆரம்பித்தார் பாட்டு டீச்சர்.

பெரிய டீச்சர் தலையாட்டவில்லை. "நீங்க சொல்லுங்க, கேப்போம்" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.