பிடிச்சுட்டு விட்டுப் போற வைரஸ்

"இன்னொரு கட்டைவிரல் எங்க?" வெள்ளைத் துணியைக் கையில வச்சிட்டு இராசையா மாமா முழிச்சாரு.

செத்தவங்களோட ரெண்டு கால் கட்டைவிரலையும் சேத்துக் கட்டணும். விடியக்காலை போய்ச் சேந்த கந்தப்பனுக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. மத்ததுல சீனி வியாதிப் புண்ணு. எந்த மருந்துக்கும் கிருமி மசியல, பதுளை ஆஸ்பத்திரியில விரலையே எடுத்துட்டாங்க.

"கணுக்காலைச் சேத்துக் கட்டுங்கண்ணே. இனி நடந்தா போகப்போறாரு?"ன்னாங்க பொண்டாட்டி ரெங்கம்மா. அழுதவங்களே சிரிச்சுட்டாங்க.

மக சுபாஜினி சிரிக்கல. கண்ணு போன்ல. கிருமியைக் கொல்லுற வைரஸ் இருக்குல்ல, அது கிருமி மேல என்ன வேகத்துல ஒட்டுதுன்னு கணக்குப் போடுறதுதான் கெம்பஸ்ல அவ ஆராய்ச்சி. அப்பா புண்ணைப் பாத்துட்டுத்தான் அதை எடுத்தா. ஆனா அவ கணக்குல, ஒட்டாம மிஞ்சுற வைரஸோட கோடு நேரா இறங்குது. லேப்ல கூட்டாளி ரிஸ்கா எண்ணின புள்ளியெல்லாம் சர்ருன்னு இறங்கி, அப்புறம் மெதுவா வளையுது. இன்னைக்குள்ள பொருந்தலன்னா ஆராய்ச்சியை மூடிருவாங்க.

தேயிலைத் தோட்டத்துல பேர் குடுக்குற பெரட்டுக்குப் போகாம பொம்பளைங்க லயத்து வீட்டுக்கு வந்துட்டே இருந்தாங்க. ரெங்கம்மாவைக் கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வைப்பாங்க. விட்டுட்டு வெளிய போய் வெத்தலை போடுவாங்க. திரும்பி வந்து கட்டிப்பிடிப்பாங்க. அதுல சிலபேருதான் பக்கத்துலயே உக்காந்து, எந்திரிக்கவே மாட்டாங்க.

சுபாஜினி போனை விட்டு நிமிந்து அவங்களைப் பாத்தா. அட, முட்டின வைரஸ் எல்லாம் அங்கயே ஒட்டிக்கும்னுல்ல எழுதி வச்சிருக்கா! விட்டுப் போறதைச் சேக்கவே இல்லையே!

வெளிய ஓடி ரிஸ்காவுக்குப் போன்ல கோல் எடுத்தா. "ஏய், முதல் பிடி தளர்வு. விட்டுட்டுப் போகும், திரும்பி வரும். ரெண்டாவது பிடிதான் இறுக்கம். அதைச் சேத்து கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாரு."

"புள்ள, மௌத்து வீட்டுல நின்னுட்டா கணக்குப் பாக்குற?"

"ஓட்டுடி!"

வாய்க்கரிசி போட நிக்கிறப்ப போன் அதிர்ந்துச்சு. ரிஸ்கா அனுப்பின படம். வளைஞ்ச கோடு, அது மேல வரிசையா புள்ளி.

"வந்துருச்சு!"

கத்திட்டா. வெளிய அடிச்சிட்டிருந்த தப்பு மேளம் நின்னு போச்சு. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

"என்னடி வந்துச்சு?"

"கணக்கும்மா. அப்பா காலைத் தின்னுச்சே, அந்த மாதிரிக் கிருமி மேல வைரஸ் எப்படி ஒட்டுதுன்னு... சரியா வந்துருச்சும்மா."

ரெங்கம்மா கொஞ்ச நேரம் கந்தப்பன் மூஞ்சியையே பாத்தாங்க. அப்புறம் வாசல் பக்கம் திரும்பினாங்க.

"ஏன்யா நிறுத்தினீங்க? எம் மவ ஜெயிச்சிருக்கா. அடிங்க, நல்லா அடிங்க!"

கூரைத் தகரம் அதிர அடிச்சாங்க பாரு! இராசையா மாமாவுக்குக் காலு ஒரு எடத்துல நிக்கல.

சுபாஜினி குனிஞ்சா. அரிசி உள்ளங்கை வேர்வையில ஒட்டிப் போயிருந்துச்சு. ஒவ்வொண்ணா எடுத்து அப்பா வாயில போட்டா.