ஒரு நாற்காலி குறைகிறது

1

இந்தக் கதை என் வீட்டுக் கழிவறையில் பிறந்தது. முகம் சுளிக்காதீர்கள். போன வருடம் வீட்டுக்கு விலை மதிப்பிட ஓர் இளைஞர் வந்தார். நாடாவைப் பிடித்து ஹாலை அளந்தார், கூரையை அண்ணாந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். உமக்கு உரிமம் கொடுத்தது யார் என்றேன். மதிப்பீட்டாளர் வாரியம் என்றார். அந்த வாரியத்தை யார் மேய்ப்பது என்றேன். சிரித்துவிட்டுக் கழிவறையை அளக்கப் போய்விட்டார். கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "கோலா சிலாங்கூரின் அதிகாலைப் பனியில்..." பனியாவது ஒன்றாவது! மலேசியாவில் எட்டு மணிக்கே முதுகு வியர்வையில் நனைந்துவிடும் ஊர். அடித்துவிட்டேன்.

அடுத்து: "வாரியம் எனப்படுவது, சட்டத்தின் ஏழாம் பிரிவின்கீழ் அமைச்சரால் நியமிக்கப்படும்..." இதை வாசித்துக் காட்டியபோது வீட்டில் ஒரு குறட்டை கேட்டது. அதுவும் போச்சு.

2

நிஜ வாரியம் எங்கோ இருக்கட்டும், அதன் வம்பு நமக்கு வேண்டாம். நானே ஒன்றைக் கட்டிக்கொண்டேன். கோலா சிலாங்கூரில் கருவாட்டுக் கடைக்கு மேல்மாடி. குரங்குகளுக்குப் பயந்து எப்போதும் மூடிய ஜன்னல். ஐந்து நாற்காலி: தலைவராக ஒரு வழக்கறிஞர், இரண்டு மதிப்பீட்டாளர்கள், ஓர் அரசு அதிகாரி, பொதுமக்கள் சார்பில் ஒருவர்.

விதிகளையும் நானே எழுதினேன். நான்கு பேர் இருந்தால்தான் விசாரணை. உறுப்பினர்கள் தாக்கல் செய்யப்பட்ட சாட்சியை மட்டுமே பார்க்க வேண்டும், தங்களுக்குத் தெரிந்ததைப் பேசக்கூடாது. விசாரிக்கப்படுபவர் உறவினர் என்றால் எழுந்துவிட வேண்டும், தலைக்கணக்கிலும் சேரமாட்டார். பொதுமக்கள் நாற்காலிக்குத் தகுதி, சொத்து மதிப்பீடு பற்றி ஒன்றும் தெரியாமல் இருப்பது. எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

(மதிப்பீட்டாளர்களில் ஒருவர் போன மாதம் ஓய்வு பெற்றார். அமைச்சர் இன்னும் ஆள் போடவில்லை. ஆக இருப்பது சரியாக நான்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான்தான் வைக்காமல் விட்டேன்.)

3

பொதுமக்கள் நாற்காலியில் நாகமணியை உட்கார வைத்தேன். ஜெராம் கிளினிக்கில் முப்பது வருடம் மிஸ்ஸியாக, அதாவது தாதியாக, இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது மணல்மேட்டுத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில்.

ஒவ்வொரு விசாரணைக்கு முன்பும் ஒரு படிவம் வரும். கேள்வி ஒன்றே ஒன்று: விசாரிக்கப்படுபவர் உங்கள் உறவினரா? முதல் மூன்று கூட்டத்திலும் நாகமணி 'ஆம்' என்றே எழுதினார். ஒருவர் மாமா முறை, ஒருவர் அண்ணன் முறை, இன்னொருவர் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியின் மருமகன், அதனால் இவருக்கும் மருமகன். அப்போது ஐந்து பேர் இருந்ததால் வண்டி ஓடியது. வாரியச் செயலாளர் சேதுதான் நொந்துபோய், ரத்த உறவு மட்டும் எழுதினால் போதும்மா என்றார்.

"எங்க லயத்துல ரத்தத்தப் பாத்தா உறவு வச்சோம்? எந்த வீட்டுல சோறு வெந்துச்சோ அங்க சாப்பிட்டோம்லா" என்றார் நாகமணி.

சேது படிவத்தை அப்படியே கோப்பில் செருகினார். உறவினர் என்றால் யார் என்று விதியில் எழுதாமல் விட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

4

இப்போது கோகிலன். வயது முப்பத்திரண்டு, ரவாங்கில் ஒரு மதிப்பீட்டு நிறுவனத்தில் வேலை. இவரும் மணல்மேட்டுப் பிள்ளை. நாகமணி வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளிப் பிறந்தார். அவருடைய முதல் ஊசியைப் போட்டதே நாகமணிதான், வாய் நிறைய 'சித்தி' என்பார்.

தோட்டத்தை வாங்கிய கம்பெனி அங்கே வீடமைப்புத் திட்டம் கொண்டுவருகிறது. முப்பது குடும்பங்களின் வீடுகளுக்கு இழப்பீட்டு விலை சொல்ல கோகிலனை அனுப்பினார்கள். அவர் சொன்ன விலை கம்பெனிக்குக் கசந்தது. சொந்த ஊர் என்று பாசத்தில் ஏற்றிவிட்டார் என வாரியத்தில் புகார். விசாரணை முடியும்வரை உரிமம் நிறுத்தம். இன்று முடியாவிட்டால் அடுத்த கூட்டம் நான்கு மாதம் கழித்து. அதற்குள் வேலை போய்விடும். அவருடைய விலை அறிக்கை செல்லாது என்றானால் கம்பெனி சொன்னதுதான் விலை.

பாசமா? நடந்ததே வேறு. ஜெராமில் ஒரு கல்யாணப் பந்தியில் மணல்மேட்டுப் பெண்கள் நாகமணியிடம் கோகிலனைத் திட்டித் தீர்த்தார்கள். மூன்று நாள் வந்து அளந்தானாம். ஒரு வீட்டிலும் உட்காரவில்லை, தேத்தண்ணி தொடவில்லை. சொந்த அத்தை வீட்டு வாசலில் நின்று கொண்டுவந்த போத்தலில் தண்ணீர் குடித்தான், படிச்ச திமிரைப் பாரு என்று பொருமினார்கள். நாகமணிக்கு மட்டும் புரிந்தது. நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாதென்று பிள்ளை சொந்த ஊர்த் தேத்தண்ணியையே ஒதுக்கியிருக்கிறான்.

அந்தப் பெண்கள் யாரும் சாட்சி சொல்ல வரவில்லை. அவமானப்பட்டதை மலாய் மொழியில் வேறு சொல்ல வேண்டுமா என்று கேட்டார்களாம்.

5

விசாரணை நாள். (பேச்செல்லாம் மலாயில் நடந்தது, நீங்கள் தமிழில் கேட்டுக்கொள்ளுங்கள்.) கோகிலன் உள்ளே வந்தார். நாகமணியைப் பார்த்தார். சித்தி என்று வாயெடுத்தால் அவர் எழுந்துவிடுவார், மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள், விசாரணை நின்றுவிடும். கணக்கு அவருக்கும் தெரியும்.

"குட் மார்னிங், மேடம்" என்றார்.

 தன் வேலைக்காக ஒரு பிள்ளை சித்தியையே அந்நியமாக்கிக் கும்பிடு போடுகிறது என்று நினைத்ததும் நாகமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

6

முடிவு அ: நாகமணி 'இல்லை' என்று எழுதுகிறார், உட்கார்கிறார், கோகிலன் பிழைக்கிறார். எனக்கு இதுதான் பிடித்திருந்தது. ஆனால் மறுவாரமே கம்பெனி வக்கீல் மணல்மேட்டில் விசாரித்தால் தீர்ப்பு நாறிவிடும். தவிர, தேத்தண்ணிச் சங்கதியைப் பற்றி உறுப்பினராக அவர் வாய்திறக்க முடியாது. விதி இரண்டாம் பகுதியில் இருக்கிறது, நீங்கள் வேறு படித்துத் தொலைத்துவிட்டீர்கள்.

முடிவு ஆ: விதியை இப்போதே மாற்றி மூன்று பேர் போதும் என்று... வேண்டாம். நடுவில் விதியை மாற்றும் வாரியத்தைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

நான் இப்படி மென்று விழுங்கிக்கொண்டிருக்கும்போதே நாகமணி பேனாவை எடுத்துவிட்டார். 'ஆம்' என்று எழுதினார். அம்மா, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. எழுந்து மேசையைச் சுற்றி வந்து சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இவன் என் பிள்ளை முறை. அதனாலதான் எனக்கு ஒரு விசயம் தெரியும். அத சொல்லத்தான் வந்திருக்கேன்" என்றார்.

கோகிலன் தலை குனிந்தார். "சித்தி" என்றார், மெல்ல.

சாட்சி வந்துவிட்டது. கேட்கத்தான் ஆள் போதவில்லை. தலைவர் மூன்று தலைகளை எண்ணிவிட்டு கோப்பை மூடப் போனார்.

7

மூட விடமாட்டேன். என் கதையில் அமைச்சர் நான்தான். நாகமணியின் நாற்காலிக்கு இந்த வழக்குக்கு மட்டும் மாற்று உறுப்பினராக உங்களை நியமிக்கிறேன். சொத்து மதிப்பீடு பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது என் நம்பிக்கை. வாருங்கள், உட்காருங்கள். ஜன்னலைத் திறக்காதீர்கள், குரங்கு வரும்.

ஒரே ஒரு சடங்கு பாக்கி. அந்த வாசலில் அவர் போத்தல் தண்ணீர் குடித்ததை நீங்களும் பார்த்தீர்கள். 'மேடம்' என்று அவர் சொன்னபோது உங்களுக்குள்ளும் ஏதோ செய்திருக்கும், இல்லை என்று சொல்லாதீர்கள்.

சேது படிவத்தை உங்கள் முன் வைக்கிறார். கோகிலன் உங்களுக்கு உறவா?

பார்த்து எழுதுங்கள். உங்களை விட்டால் மூன்று பேர்தான்.