கண்ணாடிப் பெட்டியில் முளைத்த முடி

விண்கலத்துக்கு மின்னணுப் பாகம் தேர்ந்தெடுப்பது எங்கள் நிறுவனத்தில் சுலபமான வேலை. கொள்முதல் பார்ப்பவர் மலிவானதைக் கொண்டு வருவார், முதலாளி "அருமை" என்பார், நான் கையெழுத்துப் போட வேண்டும். கொள்முதல்காரருக்குத் 'தள்ளுபடி' என்று பெயர் வைத்தது நானில்லை. முதலாளி என் தாய்மாமா. வீட்டில் மாமா, அலுவலகத்தில் சார். கதவைப் பூட்டிவிட்டு மறுபடி மறுபடி இழுத்துப் பார்க்கிற எனக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்தது அவர்தான். நான் எதையும் உறுதியாக மறுக்க மாட்டேன் என்பது அவருக்குப் பிடித்த தகுதி.

இந்த முறை வந்தது ஒரு ரிலே. செயற்கைக்கோளின் பேட்டரியை மற்றக் கருவிகளோடு இணைக்கும் சின்ன சுவிட்ச். அதன் கம்பிக் கால்கள் புதுப் பாத்திரம் போலப் பளபளத்தன. என் பயமே அந்தப் பளபளப்புதான். வெறும் வெள்ளீயம் பூசினால் நாளடைவில் அதிலிருந்து முடி போன்ற இழைகள் முளைக்கும் என்று மாலை வகுப்பில் படித்திருந்தேன். ஓர் இழை பக்கத்துக் காலைத் தொட்டால் செயற்கைக்கோளின் கதை முடிந்தது. மேலே ஆள் அனுப்பிச் சரிபார்க்க முடியாது. காரீயம் கலந்து பூசியது என்றால் பயமில்லை. ஆனால் அது பார்க்க மங்கலாக அழுது வடியும், வந்து சேரவும் தாமதமாகும்.

"தகரத்துல முடி முளைக்குமாம் சார்," என்றார் தள்ளுபடி. "எண்ணெய் தடவிச் சீவி விடணுமோ என்னவோ!"

மாமா தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "முளைக்க வேண்டிய இடத்துலயே முளைக்கல. ஏம்மா, வரவேற்பறையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள நாம செஞ்ச முதல் சர்க்யூட் போர்டு இருக்குல்ல? அதுலயும் இதே ரிலேதான். இத்தனை வருஷத்துல பழுதாச்சா?"

ஆகவில்லைதான். செய்யச் சொன்ன வாடிக்கையாளரே பிறகு வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அதற்கு யாரும் மின்சாரமே கொடுத்ததில்லை.

"அதை மைக்ராஸ்கோப்புல ஒரு தடவை பாத்துக்கட்டுமா, மாமா... சார்?"

"பாரு. பாத்துட்டுக் கையெழுத்தைப் போடு."

போர்டைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து, விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். கால்களுக்கு நடுவே மெல்லிய கோடு. தூசியோ? லென்சைத் துடைத்தேன். என் தலைமுடியோ? பின்னலைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். மெல்ல ஊதினேன். தூசி பறந்தது. கோடு லேசாக ஆடியது, இடத்தை விட்டு அகலவில்லை.

மாமாவைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார். ஊதினார். கன்னம் உப்ப இன்னொரு முறை ஊதினார்.

"இதுக்கு அடிச்ச அதிர்ஷ்டத்தைப் பாரேன்," என்றார் கடைசியில், வழுக்கையைத் தடவியபடி. "தாமதம்னு வாடிக்கையாளர்கிட்ட யார் சொல்றது?"

"நீங்கதான் சார்," என்றார் தள்ளுபடி. "நான் ஒரு டப்பா வாங்கி வச்சுட்டேனே..."

"அழைப்பு மணிக்குப் போடு. கெட்டுப்போனா எனக்கு நிம்மதி."

'ஒருவேளை' சேர்க்காமல் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இருக்கைக்குத் திரும்பியவள், சரியான ரிலேவைத்தான் நிராகரித்தேனா என்று மறுபடி போய்ப் பார்த்தேன்.

போர்டு கண்ணாடிப் பெட்டிக்கே திரும்பியது. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த 'ஒருமுறைகூடப் பழுதானதில்லை' என்ற அட்டையை எடுக்க மட்டும் மாமா சம்மதிக்கவில்லை.

"அதுல என்னம்மா பொய் இருக்கு?" என்றார்.